எட்டுச் செயலிகளில் எத்தனை உழைக்கின்றன?

கணினி வாங்கச் செல்வோரிடம் கடைக்காரர் பெருமிதத்தோடு எடுத்துரைக்கும் செய்திகளுள் முதன்மையானது, "இதில் எட்டுக் கோர் இருக்கிறது" என்பதாகும். நான்கு உள்ளதற்கு ஒரு விலை. எட்டு உள்ளதற்கு அதனினும் கூடிய விலை. பதினாறு உள்ளதற்கு இன்னும் கூடிய விலை. வாங்குவோரும், எட்டுப் பேர் கூடிச் செய்யும் வேலை நான்கு பேர் செய்வதைக் காட்டிலும் பாதி நேரத்தில் முடியும் என்று மனக்கணக்குப் போட்டுப் பணத்தைக் கொடுத்து வருகின்றனர். அக்கணக்குச் சரிதானா என்று பின்னர்ச் சோதித்துப் பார்ப்போர் மிகச் சிலரே. சோதிக்கும் கருவியோ அந்தக் கணினிக்குள்ளேயே விலையின்றிக் கிடக்கிறது! அதனைக் கையாளும் முறை எளிது. அது காட்டும் எண்களுக்குப் பொருள் காணுவதுதான் சற்றுக் கடினம். ஆதலின் பின்னதையே இக்கட்டுரையில் விரிவாக நோக்குவோம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து நிறைவேற்றும் உறுப்பைப் பிராசசர் என்கின்றனர். தமிழில் அதற்குச் செயலி என்று பெயர். கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருள்களையும் நாம் செயலி என்றே அழைத்து வருகின்றோம். இரு பொருளுக்கு ஒரே சொல்லை வழங்கவிட்டது கலைச்சொல் ஆக்கியோரின் கவனக்குறைவு என்றே தோன்றுகிறது. இங்கே செயலி என்பது கணக்கிடும் உறுப்பை மட்டுமே குறிக்கும். அது நிறைவேற்றும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். ஒரே சிலிக்கன் சில்லில் பல செயலிகள் பதிக்கப்பட்டிருப்பின் ஒவ்வொன்றையும் கோர் என்பர்; நமக்கு அவையும் செயலிகளே. ஒரு நிரல் தன் வேலையைப் பிரித்து, ஒரே சமயத்தில் நடக்கக்கூடிய பல போக்குகளாக அமைத்துக்கொள்ளுமாயின், அப்போக்கு ஒவ்வொன்றும் ஓர் இழை. ஓர் இழையை ஒரு கணத்தில் ஒரே ஒரு செயலிதான் நடத்த முடியும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

ஒரு கணினிக்குப் பல செயலிகள் ஏன் வேண்டியதாயிற்று? 1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. சில்லுகளின் விரைவும் கூடிக்கொண்டே வந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும் அளவுக்கு மின்னழுத்தத்தையும் குறைத்து வந்தால் வெப்பம் மிகாது என்று 1974-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டெனார்டும் அவருடன் பணியாற்றியோரும் காட்டியிருந்தனர். ஆனால் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வசதி தீர்ந்துபோயிற்று. அணைந்து கிடக்கவேண்டிய டிரான்சிஸ்டர்களிலும் மின்சாரம் கசியத் தொடங்கியதால் மின்னழுத்தத்தை முன்போல் குறைக்க முடியவில்லை. 2004-இல் இன்டெல் தன் பெண்டியம் 4 சில்லை 3.8 கிகாஹெர்ட்சு வரை கொண்டு சென்றது. 4 கிகாஹெர்ட்சுச் சில்லை வெளியிடும் திட்டத்தை அதே ஆண்டில் கைவிட்டது. விரைவைக் கூட்ட வழியில்லை; டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையோ பெருகிக்கொண்டே இருந்தது. பெருகியவற்றைக் கொண்டு இரண்டாவது செயலி ஒன்றை அதே சில்லில் அமைக்கலாயினர். ஐ.பி.எம். தன் பவர் 4 சில்லில் 2001-இலேயே இதனைச் செய்திருந்தது. 2005-இல் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் வீட்டுக் கணினிகளுக்கும் இதனைக் கொண்டு வந்தன.

இம்மாற்றத்தின் சுமை நிரல் எழுதுவோர் தலைமேல் விழுந்தது. அதற்கு முன்னெல்லாம் அவர் ஒன்றும் செய்யாமலே, புதிய கணினி வாங்கிய அன்றே பழைய நிரல் விரைந்து ஓடிற்று. இப்போது தனிச் செயலி ஆண்டுதோறும் சிறிதளவே முன்னேறுகிறது. பெரும் விரைவு வேண்டுமாயின் நிரல் இழைகளாகப் பிரித்து எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்படாத நிரல் ஒரு செயலியை மட்டும் வேலை வாங்க, மற்ற ஏழும் வாளா இருக்கும். விலை என்னவோ எட்டுக்கும் கொடுத்தாயிற்று.

இனி, எத்தனை செயலிகள் உழைக்கின்றன என்பதைக் காணும் வழிக்கு வருவோம். லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். 1996-இல் வந்த 2.0 பதிப்பு முதற்கொண்டு அதற்குப் பல செயலிகளைக் கையாளும் ஆற்றல் உண்டு. தன்னுள் நடப்பதை ஒளிக்காமல் காட்டும் இயல்பும் உண்டு. ஒவ்வொரு செயலிக்கும் அது ஒரு கணக்கேடு வைத்திருக்கிறது. கணினியை முடுக்கிய நேரத்திலிருந்து அச்செயலி பயனாளரின் நிரல்களுக்காக உழைத்தது எவ்வளவு, இயங்குதளத்தின் சொந்த வேலைக்காக உழைத்தது எவ்வளவு, சும்மா இருந்தது எவ்வளவு என்றெல்லாம், பெரும்பாலும் நொடியின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, அதில் பதிந்துகொண்டே வருகிறது. டாப் என்னும் கருவி இந்த ஏட்டை ஒருமுறை படிக்கும். மூன்று நொடி கழித்து மறுமுறை படிக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விழுக்காடாக்கித் திரையில் காட்டும். வில்லியம் லெஃபீவர் என்பவர் 1984-இல் முதன்முதல் இத்தகைய கருவியை எழுதினார். அவர் இட்ட பெயர் இன்றும் நிற்கிறது.

ஆகவே திரையில் 50 விழுக்காடு என்று கண்டால், செயலி அரை வலிமையோடு உழைக்கிறது என்று கொள்ளுதல் ஆகாது. ஒரு கணத்தை எடுத்துக்கொண்டால் செயலி உழைத்துக்கொண்டிருக்கும், அல்லது சும்மா இருக்கும். இடைநிலை என்பது கிடையாது. கடந்த மூன்று நொடியில் ஒன்றரை நொடி உழைத்தது என்பதே அந்த 50-இன் பொருள்.

டாப் கருவியை இயக்கிவிட்டு 1 என்னும் எண் விசையை அழுத்தினால், எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக இருந்த ஒரு வரி மறைந்து, செயலி ஒன்றுக்கு ஒரு வரியாக விரியும். பெரிய எழுத்து எச் விசையை அழுத்தினால், நிரல்களின் பட்டியல் இழைகளின் பட்டியலாக மாறும். பிரேசில் நாட்டவரான ஹிஷாம் முகம்மது 2004-இல் வெளியிட்ட எச்டாப் என்னும் கருவி இவற்றையே வண்ணக் கோடுகளாகக் காட்டுவதால் புதியவர்களுக்கு அது ஏற்றது. விண்டோஸ் பயன்படுத்துவோர் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று, வரைபடத்தின்மேல் சுட்டெலியின் வலப்பொத்தானை அழுத்தி, செயலி ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம் கேட்கலாம். மாக் கணினியில் ஆக்டிவிட்டி மானிட்டர் இதே பணியைச் செய்கிறது.

இங்கேதான் முதற் குழப்பம் காத்திருக்கிறது. எட்டுச் செயலியுள்ள கணினியில் ஒற்றை இழை நிரல் ஒன்று இடைவிடாமல் ஓடுகிறது என்க. லினக்ஸின் டாப் அதற்கு 100 விழுக்காடு என்று காட்டும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரோ ஏறத்தாழ 12.5 விழுக்காடு என்று காட்டும். இரண்டும் மெய்யே! முன்னது ஒரு செயலியை 100 எனக் கொள்கிறது. ஆதலின் எட்டையும் பயன்படுத்தும் நிரலுக்கு அதில் 800 என்று வரும். பின்னது எட்டையும் சேர்த்து 100 எனக் கொள்கிறது. டாப் கருவியிலேயே பெரிய எழுத்து ஐ விசையை அழுத்தினால் ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாறலாம். இவ்விரு முறைகளுக்கும் ஐரிக்ஸ் முறை, சொலாரிஸ் முறை என்று பழைய இரு யூனிக்ஸ் இயங்குதளங்களின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. 12 விழுக்காட்டைக் கண்டு, "கணினிக்கு வேலையே இல்லை, பிறகு ஏன் இத்தனை தாமதம்?" என்று வியப்போர் பலர். தம்மால் இயன்ற அளவு முழுவதும் உழைத்துக் களைத்துப்போன ஒற்றை இழையைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இரண்டாவது குழப்பம் இதனினும் நுட்பமானது. அதே ஒற்றை இழை ஓடும்போது எட்டு வரைபடங்களையும் நோக்கினால், ஒன்று மட்டும் உச்சியில் நிற்க மற்றவை தரையில் கிடக்கும் என்று எதிர்பார்ப்போம். சில வேளை அவ்வாறு இருப்பதில்லை. எட்டிலும் சிறிது சிறிது வேலை நடப்பதுபோல் காணும். காரணம் யாதெனில், இயங்குதளம் ஓர் இழையை ஒரே செயலியில் கட்டிவைப்பதில்லை. இடையிடையே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடுகிறது. மூன்று நொடிக்குள் அவ்விழை ஐந்தாறு செயலிகளில் அமர்ந்து எழுந்திருக்கக்கூடும். கருவி அந்நேரம் முழுவதையும் கூட்டிப் பகுத்துக் காட்டுவதால், ஒருவரே மாறி மாறி எட்டு நாற்காலிகளில் அமர்ந்தது எட்டுப் பேர் அமர்ந்ததுபோல் தோன்றிவிடுகிறது. எட்டின் விழுக்காட்டையும் கூட்டிப் பாருங்கள். 100-ஐ ஒட்டி நின்றால் அங்கே உழைப்பது பெரும்பாலும் ஓர் இழையே.

கண்ணால் பார்ப்பதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. அது மிகப் பழையது, எளியது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் டைம் என்னும் கட்டளையை முன்னே இட்டு எந்த நிரலையும் ஓட்டலாம். நிரல் முடிந்ததும் மூன்று அளவுகள் கிடைக்கும். ரியல் என்பது சுவர்க் கடிகாரப்படி கழிந்த நேரம். யூசர் என்பது எல்லாச் செயலிகளும் அந்நிரலின் கட்டளைகளுக்காகச் செலவிட்ட நேரத்தின் கூட்டுத்தொகை. சிஸ் என்பது அந்நிரலின்பொருட்டு இயங்குதளம் செலவிட்டது. பின்னிரண்டையும் கூட்டி முதலாவதால் வகுத்தால், சராசரியாக எத்தனை செயலிகள் உழைத்தன என்பது வந்துவிடும். எடுத்துக்காட்டாக, கடிகாரத்தில் 50 நொடி கழிந்து, யூசர் 185 நொடியும் சிஸ் 15 நொடியும் ஆயின், 200-ஐ 50-ஆல் வகுக்க 4 வரும். எட்டில் நான்கு உழைத்தன என்று அறியலாம்.

இதனை ஓர் உண்மை நிரலில் பொருத்திப் பார்ப்போம். கோப்புகளைச் சுருக்குவதற்கு ஜிசிப் என்னும் நிரல் 1992 முதல் வழக்கில் உள்ளது. ழான்-லூ கய்யி, மார்க் ஆட்லர் ஆகிய இருவர் அதனை ஆக்கினர். அது ஒற்றை இழை நிரல். பெரிய கோப்பொன்றைக் கொடுத்து மேற்சொன்ன கணக்கைப் போட்டால் விடை 1-ஐ ஒட்டியே வரும். எட்டுச் செயலி இருப்பினும் பதினாறு இருப்பினும் அதற்கு ஒன்றே. அதே ஆட்லர் பின்னர்ப் பிக்சீ என்னும் மற்றொரு நிரலை எழுதினார். (செவ்வாய்க் கோளில் 2004-இல் இறங்கிய ஸ்பிரிட் என்னும் ஊர்தித் திட்டத்திலும் பொறுப்பேற்றிருந்தவர் இவர்.) பிக்சீ கோப்பை 128 கிலோபைட்டுத் துண்டுகளாக வெட்டி, துண்டுகளை இழைகளுக்குப் பங்கிட்டு, ஒரே சமயத்தில் சுருக்கச் செய்து, வரிசை குலையாமல் மீண்டும் சேர்க்கிறது. இதற்கு அதே கணக்கைப் போட்டால் விடை எட்டை நெருங்கும்.

ஆனால் சுருக்கியதை விரிக்கும்போது பிக்சீயும் விரிக்கும் வேலையை ஓர் இழையிலேயே செய்கிறது. எழுதியவர் சோம்பல்பட்டாரோ? இல்லை, வேலையின் இயல்பே அத்தகையது. இவ்வகைச் சுருக்கத்தில், முன்னே வந்த தொடர் மறுபடியும் வருமிடத்தில், "இத்தனை எழுத்துக்குப் பின்னே சென்று, இவ்வளவு எடுத்துக்கொள்" என்று ஒரு குறிப்பு மட்டுமே எழுதப்படும். சுருக்கும்போது மூலக் கோப்பு முழுவதும் கையில் இருப்பதால் எங்கிருந்தும் தொடங்கலாம். விரிக்கும்போதோ, முன்பகுதி விரிந்து முடிந்தாலன்றிப் பின்பகுதியில் உள்ள குறிப்பு எதனைச் சுட்டுகிறது என்பது தெரியாது. ஆகவே படிப்பதற்கும் எழுதுவதற்கும் சரிபார்ப்பதற்கும் மட்டும் பிக்சீ தனி இழைகளை வைத்துக்கொள்கிறது. டாப் கருவியில் அப்போது 100-க்குச் சற்று மேலான ஓர் எண்ணைக் காணலாம்; 800-ஐ ஒருபோதும் காண முடியாது. ஒரே நிரல், ஒரே கணினி, ஒரே கோப்பு. போகும்போது எட்டுச் செயலி, திரும்பும்போது ஒன்று.

பிரிக்க இயலாத இப்பகுதி எவ்வளவு சிறிதாயினும் அதன் தீமை பெரிது என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியியலாளர் ஜீன் அம்டால் 1967-இலேயே எடுத்துக்காட்டினார். திருமண விருந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். காய் நறுக்குவதற்கு எட்டுப் பேர் அமர்ந்தால் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். அண்டாவில் சாம்பார் கொதிக்க வேண்டிய நேரத்தை எட்டுப் பேர் சுற்றி நின்றாலும் குறைக்க முடியுமா? ஒரு நிரலின் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு பிரிக்கத்தக்கது, ஒரு பங்கு பிரிக்கத்தகாதது என்று கொள்வோம். நான்கு செயலிகளில் அது 3.1 மடங்கு விரைவாகும். எட்டில் 4.7 மடங்கு. பதினாறில் 6.4 மடங்கு. ஆயிரம் செயலிகளைக் கொடுத்தாலும் பத்து மடங்கை எட்டாது. எட்டிலிருந்து பதினாறுக்குச் செல்ல வாங்குவோர் கொடுக்கும் கூடுதல் விலைக்கு, இத்தகைய நிரலில் கிடைக்கும் பயன் மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம் மட்டுமே. கடைகளில் இந்தக் கணக்கை யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

இதுவரை 'உழைப்பு' என்று சொல்லி வந்தோம். அச்சொல்லையும் சற்று ஐயத்தோடு நோக்க வேண்டியிருக்கிறது. செயலி சும்மா இல்லை என்பதை மட்டுமே கணக்கேடு சொல்கிறது. பயனுள்ள வேலை செய்தது என்று அது சொல்வதில்லை. செயலியின் விரைவோடு ஒப்பிட்டால் நினைவகம் மிக மெதுவானது. வேண்டிய எண் நினைவகத்திலிருந்து வந்து சேரும்வரை செயலி காத்து நிற்கிறது. அக்காத்திருப்பும் உழைப்பாகவே ஏட்டில் ஏறிவிடும். எட்டுச் செயலிகளும் ஒரே நினைவக வழியைப் பங்கிட்டுக் கொள்ளும்போது, எட்டும் 100 விழுக்காடு காட்டியபடி எட்டும் வரிசையில் நிற்றல் கூடும். பூட்டு என்பது மற்றொரு காரணம். ஒரே கணக்கை இரண்டு இழைகள் ஒரே கணத்தில் திருத்தினால் கணக்குக் கெடும். ஆதலின் ஒன்று பூட்டிக்கொள்ள மற்றது வெளியே காத்திருக்க வேண்டும். சில நிரல்களில் காத்திருக்கும் இழை உறங்குவதில்லை. "திறந்தாயிற்றா? திறந்தாயிற்றா?" என்று இடைவிடாமல் தட்டிக்கொண்டே நிற்கும். அதுவும் முழு உழைப்பாகவே திரையில் தோன்றும்.

பூட்டினால் விளைந்த தடைகள் பெரிய நிரல்களிலும் உண்டு. லினக்ஸ் பல செயலிகளை ஏற்ற தொடக்கத்தில் அதன் உட்பகுதி முழுவதற்கும் ஒரே பெரும்பூட்டு இருந்தது. அதனைச் சிறுகச் சிறுக நீக்கி முற்றும் ஒழித்தது 2011-இல்தான்! பைத்தான் மொழியின் பொதுவழக்கில் உள்ள பதிப்பிலும் இத்தகைய பூட்டு ஒன்று உள்ளது. அதில் எட்டு இழைகளை உண்டாக்கினாலும் பைத்தான் கட்டளைகளை ஒரு கணத்தில் ஓர் இழையே நிறைவேற்றும். டாப் கருவியில் எட்டு இழைகளும் பெயரளவில் நிற்க, கூட்டுத்தொகை 100-ஐ ஒட்டியே இருப்பதைக் காணலாம். 2024-இல் வந்த 3.13 பதிப்பில் இப்பூட்டு இல்லாத வடிவம் ஒன்றைச் சோதனை அளவில் வெளியிட்டனர்.

அப்படியாயின் உழைப்பு மெய்யா போலியா என்று எவ்வாறு அறிவது? கடிகாரத்தைக் கொண்டே அறியலாம். லினக்ஸில் டாஸ்க்செட் என்னும் கட்டளையால் ஒரு நிரலைக் குறிப்பிட்ட சில செயலிகளுக்குள் அடைத்து வைக்கலாம். விண்டோஸிலும் டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பகுதியில், நிரலின் பெயர்மேல் வலப்பொத்தானை அழுத்தினால் இதற்கு வழி உண்டு. ஒரே வேலையை முதலில் ஒரு செயலியில் ஓட்டுக. பின் இரண்டில், நான்கில், எட்டில் ஓட்டுக. ஒவ்வொரு முறையும் ரியல், யூசர் இரண்டையும் குறித்துக்கொள்க. கடிகார நேரம் குறைந்து வர, யூசர் நேரம் ஏறத்தாழ மாறாமல் இருக்குமாயின் வேலை நன்கு பங்கிடப்பட்டிருக்கிறது. கடிகார நேரம் குறையாமல் யூசர் நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போனால், கூடுதலாகச் சேர்த்த செயலிகள் காத்திருப்பிலும் தட்டுவதிலும் பொழுது போக்குகின்றன. நான்கு செயலிக்கு மேல் பயனில்லை என்பது இச்சோதனையில் பல நிரல்களுக்குத் தெரியவரும்.

சோதிக்குமுன் செயலிகளின் எண்ணிக்கையையே ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும். இன்டெல் 2002-இல் ஹைப்பர் திரெடிங் என்னும் முறையைக் கொண்டு வந்தது. அதன்படி ஒரே செயலி இரண்டு இழைகளை ஏந்தி, ஒன்று காத்திருக்கும் இடைவெளியில் மற்றதை நடத்துகிறது. இயங்குதளத்தின் கண்ணுக்கு அது இரண்டு செயலி. ஆகவே 'எட்டு' என்று காட்டும் கணினியில் உண்மையில் நான்கே இருத்தல் கூடும். லினக்ஸில் எல்எஸ்சிபியு என்னும் கட்டளை இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். அண்மைக் காலத்தில் செயலிகள் எல்லாம் சமமாகவும் இருப்பதில்லை. 2020-இல் வந்த ஆப்பிளின் எம்1 சில்லில் நான்கு விரைவுச் செயலிகளும் நான்கு சிக்கனச் செயலிகளும் உள்ளன. 2021 முதல் இன்டெலும் இவ்வழியைப் பின்பற்றலாயிற்று. இத்தகைய கணினியில் எட்டையும் பயன்படுத்தினும் எட்டு மடங்கு கிடையாது என்பது சொல்லாமலே விளங்கும்.

அச்சகம் நடத்தும் ஒருவர் பதினாறு செயலிக் கணினி ஒன்றை வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் படங்களை வேறு வடிவத்துக்கு மாற்றும் அவருடைய நிரல் முன்போலவே மெதுவாக ஓடுகிறது. வரைபடத்தின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டவில்லை. ஆகவே நிரல் ஒற்றை இழை என்பது தெளிவு. அவரால் நிரலைத் திருத்தி எழுத முடியாது. ஆயினும் ஒரு படத்துக்கும் மற்றொரு படத்துக்கும் தொடர்பில்லை அன்றோ? படங்களை எட்டுக் கோப்புறைகளாகப் பிரித்து, அதே நிரலை எட்டு முறை தனித்தனியே இயக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்புறையைக் கொடுத்துவிடலாம். அப்போது எட்டுச் செயலிகள் எழுந்து வேலை செய்யக் காண்பார். பதினாறாகப் பிரிப்பதற்கு முன்பு மட்டும் நினைவகம் போதுமா, வட்டு ஈடுகொடுக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எட்டாகப் பிரித்தபோது ஆன நேரத்தைக் குறித்து வைத்திருந்தால் அதற்கும் கடிகாரமே விடை சொல்லிவிடும்.